தும்பை என்றால் எந்தத் தும்பை?

"தும்பைப் பூப் போல வேட்டி", "தும்பைப் பூப் போல சோறு" என்று நம் வீடுகளில் இன்றும் சொல்கிறோம். வெண்மைக்கு இதைவிட நல்ல உவமை தமிழில் இல்லை. ஆனால், "அந்தத் தும்பைச் செடியைக் கொஞ்சம் காட்டு, பார்க்கலாம்" என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் பத்தில் எட்டுப் பேர் விழிப்பார்கள். பெரியவர்கள் நிலை இன்னும் வேடிக்கை. ஒருவர் காட்டும் தும்பையும் அடுத்த வீட்டுக்காரர் காட்டும் தும்பையும் வெவ்வேறு செடிகளாக இருக்கும். இருவரும் தாங்கள் சொல்வதே சரி என்று வாதாடுவார்கள்.

இந்த வழக்கைத் தீர்க்க ஒரு முறை இருக்கிறது. அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. நகைக்கடைக்காரர் கண்ணில் வைத்துப் பார்க்கும் சிறிய பூதக்கண்ணாடி ஒன்றும், கால் மணி நேரப் பொறுமையும் போதும். ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். டிராலியிலும் கால்நடையாகவும் போனபோது, ஜல்லிக்கு வெளியே செஸ் ஓரத்தில் முளைத்த களைகளைப் பார்த்துப் பார்த்தே இந்த ஆர்வம் வந்தது. எங்கள் வேலையில் களை என்றால் வெட்டி எறிய வேண்டிய பொருள். ஆனாலும் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்துகொண்டு வெட்டுவதில் தவறில்லை அல்லவா?

பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் வரை செல்லும் 16 கிலோமீட்டர் கிளைப் பாதையை நம் தங்கவயல் வாசகர்கள் நன்கு அறிவார்கள். கோரமண்டல், உரிகம், சாம்பியன், மாரிக்குப்பம் என்று நிலையங்களின் பெயரைச் சொன்னாலே பலருக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். மழை ஓய்ந்து தீபாவளி கழிந்தால், பொங்கல் வரை இப்பாதையோரத்தில் தும்பை பூத்துக் கிடக்கும். அதே ஓரத்தில் தும்பை என்ற பெயரைச் சும்மா சுமந்துகொண்டிருக்கும் வேறு செடிகளும் இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெயரில் மட்டும் தும்பை

முதலில் காசித்தும்பை. வீட்டு வாசலில் சிவப்பும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் அழகுச் செடி இது. தண்டு நீர் கோத்ததுபோல் இருக்கும். பூவின் பின்புறம் வால் போன்ற சிறு குழல் நீண்டிருக்கும். முற்றிய காயைத் தொட்டால் பட்டென்று வெடித்து விதையைச் சிதறும். சிறு வயதில் இந்தக் காயை வெடித்து விளையாடாதவர்கள் குறைவு. இதற்கும் தும்பைக்கும் எந்த உறவும் கிடையாது, குடும்பமே வேறு.

இரண்டாவது கவிழ்தும்பை. பூ தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருப்பதால் இப்பெயர். வெளிறிய நீலமாகவோ இளஞ்சிவப்பு கலந்த வெள்ளையாகவோ பூக்கும். செடி முழுவதும் சொரசொரப்பான மயிர். இதுவும் வேறு குடும்பம்.

மூன்றாவது பேய்மிரட்டி. சில ஊர்களில் இதைப் பெருந்தும்பை என்கிறார்கள். ஆள் உயரத்துக்கு வளரும். இலை தடித்து, கம்பளி போல் மெத்தென்று இருக்கும். கசக்கினால் கடுமையான வாசனை. பூ ஊதா நிறம். இது தும்பையின் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் வேறு பேரினம். பங்காளி என்று சொல்லலாம், உடன்பிறப்பு அல்ல.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. டச்சுக்காரரான வான் ரீட் மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றி 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பெரும் தொகுதிகளாக வெளியிட்ட 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' நூலிலேயே 'தும்ப' என்று ஒரு செடியும் 'தும்ப கொடிவேலி' என்று இன்னொரு செடியும் உண்டு. பின்னது நாம் சித்திரமூலம் என்று சொல்லும் வெண்கொடிவேலி. வெள்ளைப் பூ என்ற ஒரே காரணத்தால் அதற்கும் தும்பைப் பட்டம் கிடைத்திருக்கலாம்.

பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பேரப்பிள்ளைக்கு நாள்பட்ட சளி. தும்பைச் சாறு கொடுத்தால் நல்லது என்று யாரோ சொல்ல, பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் ஒரு கட்டுச் செடியைப் பறித்து வந்தார். அம்மியில் வைத்து அரைக்கும் சமயத்தில் எதிர்வீட்டுப் பாட்டி எட்டிப் பார்த்து, "அடி பாவி, இது கவிழ்தும்பை! இதையா குழந்தைக்குக் கொடுக்கப் போறே?" என்று கத்தினார். அரைத்ததைக் கொட்டினார்கள். அந்தப் பாட்டி பள்ளிக்கூடம் போனவரல்லர். ஆனால் செடியைத் திருப்பித் தண்டைப் பார்த்தார், பூவைப் பார்த்தார், முடிவு சொன்னார்.

பாட்டியின் பயத்துக்கு அறிவியலிலும் காரணம் இருக்கிறது. கவிழ்தும்பையின் பேரினத்தில் பைரோலிசிடின் ஆல்கலாய்டு என்ற வகை நச்சுப் பொருள்கள் உள்ளன. இவை ஈரலைக் கெடுக்கும். இதே பேரினத்தின் வேறொரு இனம் மத்திய ஆசியாவில் கோதுமை வயலில் களையாக வளர்ந்து, தானியத்தோடு கலந்து பலரை நோயில் தள்ளியிருக்கிறது. நாட்டு வைத்தியத்தில் கவிழ்தும்பைக்கும் ஓர் இடம் உண்டு என்பது உண்மை. அதைத் தெரிந்தவர் தெரிந்த அளவில் பயன்படுத்துவது வேறு. தும்பை என்று நினைத்துக் குழந்தைக்குப் புகட்டுவது வேறு.

பெயர் வைத்த வரலாறு

உண்மைத் தும்பைக்குத் தாவரவியலில் லூகாஸ் என்று பேரினப் பெயர். கிரேக்க மொழியில் 'லூகோஸ்' என்றால் வெண்மை. நாம் வெண்மைக்குத் தும்பையை உவமை சொன்னோம். அவர்கள் தும்பைக்கு வெண்மையையே பெயராக வைத்தார்கள்.

1753ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், செடிகளுக்கு இரண்டு சொற்களில் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டினார். முதல் சொல் பேரினம், இரண்டாவது சொல் இனம். இலங்கைத் தும்பை ஒன்றை அவர் அப்போது ஃப்லோமிஸ் என்ற வேறு பேரினத்தில் சேர்த்தார். 1809இல் பெர்லினில் இருந்த வில்டனோவ், நம் சாதாரணத் தும்பைக்கு 'ஃப்லோமிஸ் ஆஸ்பெரா' என்று பெயரிட்டார். 'ஆஸ்பெரா' என்றால் லத்தீனில் சொரசொரப்பானது. நம் தரங்கம்பாடிக்கும் பெர்லினுக்கும் அந்தக் காலத்தில் நல்ல தொடர்பு இருந்தது. தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்த ராட்லர், கிளைன் போன்றவர்கள் தமிழ்நாட்டுச் செடிகளை உலர்த்தி வில்டனோவுக்கு அனுப்பி வந்தார்கள்.

மறு ஆண்டே, அதாவது 1810இல், ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் பிரவுன் இந்த வெள்ளைப் பூச் செடிகளை ஃப்லோமிஸிலிருந்து பிரித்து, லூகாஸ் என்று தனிப் பேரினம் ஆக்கினார். ஆஸ்திரேலியச் செடிகளைப் பற்றிய நூலில் போகிறபோக்கில் செய்த காரியம் இது. இவர்தான் நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத ஆட்டத்தை 1827இல் கண்டு சொன்னவர். 'பிரவுனியன் இயக்கம்' என்று பாடத்தில் படித்தோமே, அதே பிரவுன். 1822இல் லிங்க் என்பவர் ஆஸ்பெராவையும் லூகாஸுக்கு மாற்றினார். அன்றிலிருந்து நம் தும்பை 'லூகாஸ் ஆஸ்பெரா'. முறையாக எழுதும்போது வில்டனோவின் பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டு, அதன் பின் லிங்கின் பெயரை எழுதுவார்கள். முன்பு எங்கே பதிவாகியிருந்தது, பின்பு யார் மாற்றினார் என்ற விவரம் அதிலேயே அடங்கிவிடும். ரேஷன் கார்டில் பழைய முகவரியும் புதிய முகவரியும் இருப்பது போலத்தான்.

எஞ்சின் எழுத்தும் செடிப் பெயரும்

இரட்டைப் பெயர் முறை ரயில்வேக்காரர்களுக்குப் புதிதல்ல. 'டபிள்யூ.டி.எம்.-2' என்று ஓர் எஞ்சினில் எழுதியிருந்தால் அது பெயர் மட்டுமா? டபிள்யூ என்றால் அகலப் பாதை. டி என்றால் டீசல். எம் என்றால் பயணி வண்டி, சரக்கு வண்டி இரண்டையும் இழுக்கும். 2 என்றால் அந்த வகையில் இரண்டாவது மாதிரி. மீட்டர் பாதைக்கு ஒய், குறுகிய பாதைக்கு இசட். பெயரைப் படித்ததுமே, இந்த எஞ்சின் எந்தப் பாதையில் ஓடும், எதனால் ஓடும் என்று தெரிந்துவிடுகிறது. 'கருப்பு எஞ்சின்', 'பெரிய எஞ்சின்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தால் ஷெட்டில் உதிரி பாகம் கிடைக்காது.

செடிப் பெயரும் அப்படியே. லூகாஸ் என்றதும் சதுரத் தண்டு, எதிர் எதிர் இலை, உதடு வைத்த வெள்ளைப் பூ என்று ஒரு கூட்டம் அடையாளங்கள் சேர்ந்து வந்துவிடுகின்றன. இரண்டாவது சொல் அந்தக் கூட்டத்தில் இது எது என்று சொல்கிறது. ஆனால் இரண்டாவது சொல்லை எப்போதும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 'மார்டினிசென்சிஸ்' என்று ஒரு தும்பை உண்டு. கரீபியத் தீவான மார்டினிக்கின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் அது ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் வளர்கிறது. முதன்முதலில் எந்த ஊர்ச் செடியைப் பார்த்துப் பதிவு செய்தார்களோ அந்த ஊர்ப் பெயர் நிலைத்துவிட்டது. பிழைக்கப் போன இடத்தில் பதிவான பெயரோடு வாழும் குடும்பங்களுக்கு இது எளிதில் புரியும்.

பாயிண்ட் பாயிண்டாகப் போவோம்

செடியை இனம் காணத் தாவரவியலார் பயன்படுத்தும் 'திறவுகோல்' என்ற முறை, ஒரு யார்டில் வண்டியைப் பாயிண்ட் மாற்றி மாற்றிச் சரியான லைனுக்குக் கொண்டுபோவதைப் போன்றது. ஒவ்வொரு பாயிண்டிலும் இரண்டே வழி. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றது அடைபடும். அவசரப்பட்டு நடுவில் குதிக்கக் கூடாது.

முதல் பாயிண்ட்: தண்டு. விரலால் உருட்டிப் பாருங்கள். நான்கு முனை தட்டுப்பட்டால் சதுரத் தண்டு. உருண்டையாக இருந்தால் அது தும்பை அல்ல. கவிழ்தும்பை, காசித்தும்பை இரண்டும் இங்கேயே விலகிவிடும்.

இரண்டாவது பாயிண்ட்: இலை. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலைகள் எதிரெதிராக இருக்க வேண்டும். அடுத்த கணுவின் இலைகள் குறுக்காகத் திரும்பியிருக்கும். மேலிருந்து பார்த்தால் கூட்டல் குறி தெரியும். துளசியையும் புதினாவையும் பார்த்தால் இதே அமைப்பு. அவையும் இதே குடும்பம்தான்.

மூன்றாவது பாயிண்ட்: பூ. வெள்ளை நிறம், இரண்டு உதடு. மேல் உதடு சிறியது, குல்லாய் போல் வளைந்தது, அதன் முதுகில் அடர்ந்த வெண்மயிர். கீழ் உதடு பெரியது, மூன்று பிரிவுள்ளது, அதில் நடுப்பிரிவு அகலமாக விரிந்திருக்கும். பூச்சி கீழ் உதட்டில் பிளாட்பாரத்தில் இறங்குவதுபோல் இறங்கித் தேனுக்காகத் தலையை நுழைக்கும். குல்லாய்க்குள் ஒளிந்திருக்கும் நான்கு மகரந்தத் தாள்களிலிருந்து பொடி அதன் தலையில் படும். இந்த மூன்றாவது பாயிண்டில் ஊதாப் பூக் கொண்ட பேய்மிரட்டி விலகும்.

நான்காவது பாயிண்ட்: புல்லிவட்டம். பூ உதிர்ந்த பிறகும் செடியில் நிற்கும் பச்சைக் குழல் இது. இதில் நீளவாக்கில் பத்து வரிகளும் விளிம்பில் எட்டு முதல் பத்து வரை பற்களும் இருக்கும். இது லூகாஸின் முத்திரை. துளசிக்கு இத்தனை பல் கிடையாது. காய்ந்த குழலை உள்ளங்கையில் தட்டினால் நான்கு சிறு விதைகள் விழும். விதை நான்கு என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். கவிழ்தும்பைக்கும் நான்குதான்.

இந்த நான்கையும் கடந்தால் செடி தும்பைதான் என்பது உறுதி. இனி எந்தத் தும்பை என்று பார்க்கலாம்.

ஒரு கணுவில் இரண்டே பூக்கள், செடி தரையோடு படர்ந்தது என்றால் அது 'பைஃப்லோரா'. பெயரின் பொருளே இருபூ. கிளை நுனியில் பெரிய உருண்டையாகப் பூங்கொத்து, அதைச் சுற்றி அகன்ற பூவடிச் செதில்கள் என்றால் 'செஃபலோட்டஸ்'. தலைபோன்றது என்று பொருள். இதையும் சிலர் பெருந்தும்பை என்கிறார்கள், பேய்மிரட்டியையும் பெருந்தும்பை என்கிறார்கள். ஆகவே மருந்துக்கடையில் 'பெருந்தும்பை' என்று மட்டும் கேட்டு வாங்குவது ஆபத்தான பழக்கம்.

பூக்கள் கணுக்களைச் சுற்றி வளையமாகவும் நுனியிலும் நெருங்கியிருந்து, இலை குறுகலாக, செடி ஒரு சாணிலிருந்து மூன்று சாண் வரை உயரமாக, தொட்டால் சொரசொரப்பாக இருந்தால் புல்லிவட்டக் குழலின் வாயைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வாய் நேராக வெட்டியதுபோல் இல்லாமல் சாய்வாக இருக்கிறதா? மேல்புறப் பல் மற்றவற்றைவிடப் பெரிதா? குழலின் கீழ்ப்பாதி வழவழப்பாகவும் மேல்பாதி முரட்டு மயிருடனும் இருக்கிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் ஐயமே வேண்டாம். அதுதான் லூகாஸ் ஆஸ்பெரா, நம் வேட்டிக்கும் சோற்றுக்கும் உவமையான தும்பை.

இந்தப் பேரினத்தில் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலுமாகச் சுமார் 100 இனங்கள் உள்ளன. இந்தியத் தும்பைகளுக்கென்றே தனி நூல் ஒன்று 2001இல் வெளிவந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதிதான் தங்கவயல் சுரங்கம் மூடப்பட்டது.

சங்ககாலத் தும்பை

தும்பை நமக்கு வெறும் களை அல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களில் தும்பையும் ஒன்று. தொல்காப்பியம் புறத்திணைகளில் ஒன்றுக்குத் தும்பை என்றே பெயரிட்டு, அதை நெய்தலுக்குப் புறமாக வைக்கிறது. மண்ணுக்காகவோ ஆநிரைக்காகவோ அல்லாமல், வலிமையே பொருளாக இரு வேந்தர் எதிர் நின்று பொருவது தும்பைத் திணை. போருக்குப் போகும் வீரன் சூடிய பூ, விரல் நகம் அளவே உள்ள இந்த வெள்ளைப் பூ. தாமரை இருக்க இதை ஏன் சூடினான் என்பதை அறிஞர்கள் விளக்கட்டும். சங்க இலக்கியச் செடிகொடிகளைத் தாவரவியல் கண்கொண்டு ஆராய்ந்த பி.எல். சாமியின் நூல்களைத் தமிழ்ச் சங்க நூலகங்களில் தேடிப் படிக்கலாம்.

இன்னொரு செய்தி. தமிழில் தும்பை, கன்னடத்தில் தும்பெ, மலையாளத்தில் தும்ப, தெலுங்கில் தும்மி. நான்கு மொழிக்கும் ஒரே வேர். ஓணத்துக்கு மலையாளிகள் போடும் பூக்கோலத்தில் தும்பைக்குத் தனி மதிப்பு. 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பிய திருவனந்தபுரத்துக் கடற்கரைச் சிற்றூரின் பெயரும் தும்பாதான். கன்னடப் பள்ளியில் படிக்கும் நம் குழந்தை "தும்பெ" என்று சொல்லிக்கொண்டு வந்தால் திருத்த வேண்டாம். "நம் வீட்டில் அதுக்குத் தும்பைன்னு பேரு" என்று சேர்த்துச் சொன்னால் போதும்.

உறவுமுறை இன்னும் முடியவில்லை

வகைப்பாடு என்பது ஒருமுறை செய்து பூட்டி வைக்கும் காரியம் அல்ல. 2009இல் ஷீன், ஆல்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் தும்பைக் கூட்டத்தின் மரபணுக்களை ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லூகாஸ் என்று நாம் வைத்திருக்கும் வேலிக்குள்ளேயே வேறு சில பேரினங்களின் வேரும் இருக்கிறது என்பது அதன் முடிவு. அப்படி உள்ளே வருவனவற்றில் ஒன்று லியோனாட்டிஸ். நம்மவர்கள் ரணபேரி என்று சொல்லும் செடி அந்தப் பேரினத்தைச் சேர்ந்தது. தண்டு நெடுக முள் பந்துகளைக் கோத்து வைத்ததுபோல், ஆரஞ்சு நிறப் பூக்களுடன் ஆள் உயரம் நிற்கும். ரயில் பாதையோரங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெயரில் தும்பை இருக்கும் காசித்தும்பைக்கு உறவில்லை. பெயரிலும் நிறத்திலும் தும்பையே இல்லாத ரணபேரி நெருங்கிய சொந்தம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்டவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இது நல்ல உதாரணம்.

தங்கவயல் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கிய காலத்திலிருந்து நூற்றிருபது ஆண்டுகள் பாறையைப் பொடித்துத் தங்கத்தைப் பிரித்தார்கள், பின்னாளில் சயனைடு கரைசலைக் கொண்டும். மிஞ்சிய பொடி மண் மலையாகக் குவிந்தது. ஊரார் சயனைடு மேடு என்று சொல்லும் இந்தக் குவியல்கள் பதின்மூன்று. மொத்த எடை மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றுக் காலத்தில் இந்தப் பொடி வீட்டுக்குள் வந்து படிவதை அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேட்டிலோ அதன் அடிவாரத்து ஓடையிலோ எந்தச் செடி வளர்ந்தாலும் அதை மருந்துக்கோ கீரைக்கோ பறிக்காதீர்கள். பார்க்கலாம், படம் எடுக்கலாம், உலர்த்தி வைக்கலாம். வாயில் வைக்க வேண்டாம். பாதையோரச் செடிக்கும் களைக்கொல்லி தெளிப்பது உண்டு என்பதால் அதற்கும் இதுவே விதி.

கூடவே ஒன்று. பாம்புக் கடிக்குத் தும்பைச் சாறு என்ற நம்பிக்கை நம்மிடையே இன்றும் பலமாக இருக்கிறது. கடிபட்டவரை அரை நிமிடம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோய் விஷமுறிவு ஊசி போடுவதுதான் உயிரைக் காக்கும் வழி. தும்பை தேடிப் போகும் நேரத்தில் உயிர் போய்விடும்.

இப்படிச் சொல்வதால் நாட்டு மருத்துவத்தை இகழ்வதாக எண்ண வேண்டாம். தங்கவயலுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. சித்த மருத்துவரான அயோத்திதாசப் பண்டிதரின் 'தமிழன்' இதழை இங்கே சுரங்கத் தொழிலாளர்கள் படித்தார்கள். அவருடைய எழுத்துகளைச் சாம்பியன் ரீப்பில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை நூல்களாக அச்சிட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் வந்த நம் முன்னோர், மூட்டையோடு செடி அறிவையும் கொண்டுவந்தார்கள். அந்த அறிவில் பாதி மருந்து. மறுபாதி, எது எந்தச் செடி என்ற தெளிவு. மருந்துப் பாதி வீட்டுக்கு வீடு பேச்சில் பரவி நிற்கிறது. செடியை அடையாளம் காட்டும் பாதி, அதை அறிந்த பாட்டிகளோடு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு பாதி மட்டும் கையில் இருப்பது, சிக்னல் இல்லாமல் வண்டி ஓட்டுவதற்குச் சமம்.

நாம் செய்யக்கூடியது

விடுமுறையில் ஊருக்குப் போகும்போது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு காலைப்பொழுது செலவிடுங்கள். வேர், இலை, பூ, காய் எல்லாம் உள்ள முழுச் செடியாக ஒன்றைப் பிடுங்குங்கள், ஒன்றே போதும். மண்ணை உதறி, பழைய செய்தித்தாளுக்கு இடையில் இலைகளைப் பிரித்து வைத்து, மேலே நாலு கனமான புத்தகங்களை ஏற்றுங்கள். ஓர் இலையாவது அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வையுங்கள். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். பிறகு சுமார் 42 சென்டிமீட்டர் நீளமும் 29 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டி அட்டையில் ஒட்டி, வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு எழுதுங்கள்: ஊர், இடம், தேதி, செடியின் உயரம், பூவின் நிறம், பறித்தவர் பெயர், அந்த ஊரில் வழங்கும் பெயர். காய்ந்தபின் நிறம் மாறிவிடும் என்பதால் நிறத்தைப் பறித்த அன்றே எழுதிவிட வேண்டும். சீட்டு இல்லாத செடி, டிக்கெட் இல்லாத பயணி. எங்கே ஏறினார் என்று யாருக்கும் தெரியாது.

பெரிய உலர்செடிச் சேகரிப்புகள் எல்லாம் இப்படித்தான் தொடங்கின. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென் மண்டல நிலையத்தில் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது. திருச்சி புனித வளனார் கல்லூரியில் ராபினா ஹெர்பேரியம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய பாதிரியார் கே.எம். மேத்யூ தமிழ்நாட்டுச் சமவெளிச் செடிகளைப் பற்றி 1980களில் வெளியிட்ட தொகுதிகள் இன்றும் ஆய்வாளர்களுக்குக் கைவிளக்கு. பிள்ளைகள் தாவரவியல் படிக்க விரும்பினால் ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் பறித்த செடி, பறித்தவர் கையெழுத்தோடு அப்படியே இருக்கும்.

நம் சங்கத்தில் வட ஆற்காட்டுக்காரர் இருக்கிறார், சேலத்துக்காரர் இருக்கிறார், நெல்லைக்காரர் இருக்கிறார். உங்கள் ஊரில் எந்தச் செடியைத் தும்பை என்கிறீர்கள், பெருந்தும்பை என்று எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தண்டு, இலை, பூ அடையாளங்களுடன் ஒரு தாளில் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய பாட்டி இருந்தால் அவரிடம் முதலில் கேளுங்கள். வந்த விவரங்களை ஊர் வாரியாகப் பட்டியலிட்டுத் தரும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.